நேபாளப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

#1 கோவைமழை, 9 ஜூலை 2023

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 31 அன்று என் நோட்டீஸ் பீரியட் முடிகிறது. புது வேலையில் டிசம்பர் 1 அன்று சேர வேண்டும். நடுவில் மூன்று மாதம் சும்மா இருக்கிறேன். கல்யாணப் பேச்சை எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று வீட்டில் நினைக்கிறார்கள். நான் நேபாளம் போகலாம் என்று நினைக்கிறேன்.

இணையத்தில் ஒரு ஏஜென்சியைப் பிடித்தேன். அக்டோபர் 10 முதல் நவம்பர் 10 வரை, காட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். காலையில் அரசுப் பள்ளியில் ஆங்கிலம், மாலையில் குழந்தைகள் காப்பகத்தில் உதவி. தங்குமிடம், சாப்பாடு, விமான நிலையத்தில் வந்து கூட்டிப்போவது, ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டுவது, கடைசியில் ஒரு சான்றிதழ், எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய். விமானக் கட்டணம் தனி.

நான் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். ஆபீஸில் ஆங்கிலம் பேசிப் பேசிப் பழகியதுதான். பள்ளியில் பாடம் நடத்திய அனுபவம் கிடையாது. இந்தி பேச வராது, படம் பார்த்தால் பாதி புரியும். இந்த லட்சணத்தில் நான் போய்ச் சொல்லிக்கொடுக்கலாமா? அந்த 72,000 நியாயமான தொகையா?

#2 சுக்குக்காபி, 9 ஜூலை 2023

சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பதற்கு நாமே 72,000 கட்ட வேண்டுமா? இந்தத் தொழிலை ஆரம்பித்தவன் சாமர்த்தியசாலி. நான் வேண்டுமானால் 50,000க்கு எங்கள் வீட்டு மாடியில் இடம் தருகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் ஆங்கிலத்தில் 28 மார்க். சான்றிதழும் அடித்துக் கொடுத்துவிடலாம்.

#3 நடைவண்டி, 10 ஜூலை 2023

நான் 2017இல் லம்ஜுங் மாவட்டத்தில் ஒரு மலைக் கிராமப் பள்ளியில் ஐந்து மாதம் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி. அங்கே பெரிய பண்டிகையான தசைன் இந்த வருடம் அக்டோபர் 15 அன்று தொடங்குகிறது. விஜயதசமி 24. அதற்குப் பின்னால் திஹார், நவம்பர் நடுவில். நமக்குத் தீபாவளி, பொங்கல், ஆடிப்பெருக்கு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அடுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு மாதம். மலேசியாவிலும் கத்தாரிலும் வேலை பார்ப்பவர்களில் முடிந்தவர்கள் எல்லாம் ஊருக்கு வந்துவிடுவார்கள். பள்ளி இருக்காது. நடுவில் சில நாள் திறந்தாலும் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். நீங்கள் சொல்லும் நான்கு வாரத்தில் எத்தனை நாள் வகுப்பு நடக்கும் என்று அந்த ஏஜென்சியிடம் கேளுங்கள். வானம் வெளுத்து, மலை தெரிகிற மாதம் என்பதால் அக்டோபரில்தான் வெளிநாட்டுக்காரர்கள் குவிவார்கள். வியாபாரத்துக்கு அது நல்ல மாதம். பள்ளிக்கூடத்துக்கு அது லீவு மாதம்.

அங்கே கல்வியாண்டு பைசாக் மாதத்தில் தொடங்கும், நம் சித்திரை 1 கணக்குதான். நான் இருந்த பள்ளி ஞாயிறு முதல் வெள்ளி வரை, காலை 10 மணிக்கு மணி அடிக்கும். சனிக்கிழமை மட்டும் லீவு. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் ஒரு சனிக்கிழமை, நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. அளவு 7.8. பக்கத்து மாவட்டமான கோர்க்காவில்தான் மையம். கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்த அந்த நாளில் பள்ளிக் கட்டடங்கள் காலியாக இருந்தன. எங்கள் தலைமையாசிரியர் இதைச் சொல்லும்போதெல்லாம் இடிந்துபோன பழைய வகுப்பறை இருந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பார். நான் பாடம் எடுத்தது தகரக் கூரை போட்ட அறையில். மழை வந்தால் வாய்ப்பாடு சத்தம்கூடக் கேட்காது.

இனி உங்கள் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்ததைக் குறையாகச் சொல்லாதீர்கள், அங்கே அதுதான் உங்கள் மூலதனம். எனக்கு முன்னால் அங்கே ஒரு ஆஸ்திரேலியப் பையன் இருந்தானாம். 'ஐ ரைஸ் ஈட்' என்று பிள்ளைகள் ஏன் சொல்கிறார்கள் என்று அவனுக்குக் கடைசி வரை புரியவில்லையாம். நமக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். நேபாளியில் 'ம பாத் கான்சு': நான், சோறு, சாப்பிடுகிறேன். நம் வரிசையேதான். 'டேபல்மா' என்றால் மேசையில். நம் 'இல்' போல அவர்கள் 'மா'வைப் பின்னால் ஒட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஆன்' முன்னால் வருவது அவர்களுக்கும் தலைகீழ். 'எ', 'த' எங்கே போடுவது என்று நாம் பட்ட அதே பாடு. கேப்பிடல் எழுத்து என்ற சமாசாரமே தேவநாகரியில் கிடையாது, நம்மிடமும் கிடையாது. 'இஸ்கூல்' என்று சொல்வார்கள், நம் பாட்டிகளைப் போலவே. இந்த மேட்டில் நாமும் ஏறி வந்திருக்கிறோம். எங்கே கால் வழுக்கும் என்று தெரியும்.

இன்னொன்று. நான் இருந்தது குருங் மக்களின் ஊர். வீட்டில் குருங் மொழி, பள்ளியில் நேபாளி, மூன்றாவதாக ஆங்கிலம். ஆறு வயதுக் குழந்தை ஒரே நேரத்தில் இரண்டு அந்நிய மொழிகளில் விழுகிறது. அதனால் போவதற்கு முன் 200 நேபாளி வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் 1962இலிருந்தே அங்கே ஆள் அனுப்பியது. மாவோயிஸ்ட் சண்டையின்போது 2004இல் நிறுத்தி 2012இல் திரும்ப வந்தார்கள். அவர்கள் ஆட்களுக்கு முதல் மூன்று மாதம் பெரும்பாலும் மொழிப் பயிற்சி, அப்புறம் இரண்டு வருடம் ஊரில் வேலை. நான்கு வாரத்தில் என்ன செய்யலாம் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

72,000 பற்றி: நான் தங்கிய குடும்பத்துக்கு நாளுக்கு 500 நேபாள ரூபாய் நேரே கையில் கொடுத்தேன். நம் 100 ரூபாய் அங்கே 160. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலையும் இரவும் பருப்புச் சோறு, கீரை, ஊறுகாய். இடையில் பள்ளியில் சோளப்பொரியோ பீட்டன் ரைஸ் என்கிற அவலோ.

காப்பகம் பற்றி வேறு எழுத வேண்டும். இப்போது கரண்ட் போகும் போல இருக்கிறது.

#4 கோவைமழை, 10 ஜூலை 2023

அண்ணா, இவ்வளவு விவரமா! ஏஜென்சியிடம் தசைன் பற்றிக் கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'கவலை வேண்டாம், பள்ளி மூடியிருக்கும் நாட்களில் முழு நேரமும் காப்பகத்தில் குழந்தைகளோடு இருக்கலாம்' என்கிறார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நீங்கள் 'வேறு எழுத வேண்டும்' என்றதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

#5 நடைவண்டி, 11 ஜூலை 2023

கொஞ்சம் கேளுங்கள். தசைனுக்கு நேபாளமே வீட்டுக்குப் போகிறது. பெரியவர்கள் கையால் நெற்றியில் டீக்கா வைத்துக்கொள்ளாமல் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் காப்பகத்துப் பிள்ளைகள் மட்டும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? அம்மா அப்பா இல்லாததால் என்றுதான் யாரும் நினைப்போம். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள்.

1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில், ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். 'காட்மண்டுவில் போர்டிங் ஸ்கூலில் படிக்க வைக்கிறோம்' என்று சொல்லிப் பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். போர் முடிந்தும் இது நிற்கவில்லை. காப்பகங்கள் எங்கே அதிகம் என்று பார்த்தால் காட்மண்டு, லலித்பூர், சித்வன், பொக்ரா இருக்கும் காஸ்கி, அதாவது சுற்றுலாப் பயணி போகிற இடமாகப் பார்த்துத்தான். தன்னார்வலர் கொண்டுவரும் பணம் இருக்கிற வரை காப்பகத்துக்குப் பிள்ளைகள் வேண்டும். ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் ஆள்கடத்தலில் ஒரு வகையாகப் பார்த்தது. கம்போடியாவிலும் இதே கதை. 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் இல்லை' என்று அங்கே ஒரு பிரசாரமே நடந்தது.

நல்ல காப்பகமே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எது நல்லது என்று நான்கு வாரம் வந்து போகிற நம்மால் கண்டுபிடிக்க முடியாது. அதோடு, முன்பின் தெரியாத ஒருவரைப் போலீஸ் சான்றுகூடக் கேட்காமல் பிள்ளைகளோடு ராத்தங்க விடுகிற இடம் எப்படிப்பட்ட இடம் என்று யோசியுங்கள். உங்களிடம் கேட்டார்களா?

#6 கோவைமழை, 11 ஜூலை 2023

கேட்கவில்லை. டி-ஷர்ட் சைஸ் கேட்டார்கள்.

#7 சுக்குக்காபி, 11 ஜூலை 2023

நேற்று கிண்டலாக எழுதினேன், இன்று சீரியஸாகவே கேட்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே தங்கச்சி. நம் மாநிலத்திலேயே ஐந்தாவது முடித்தும் ஒரு வரி ஆங்கிலம் படிக்கத் திணறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2021இல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பித்தபோது தன்னார்வலர்கள் தெருவிலேயே பாயை விரித்துப் பாடம் எடுத்தார்கள். அதில் சேர விமானம் ஏற வேண்டாம். ஆனால் அது இன்ஸ்டாவில் எடுபடாது. பின்னால் பனிமலை வேண்டுமே!

#8 கோவைமழை, 11 ஜூலை 2023

அண்ணா, மழுப்ப விரும்பவில்லை. மலை பார்க்கவும்தான் போகிறேன். தனியாக எங்காவது போய் இருந்து பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. சும்மா சுற்றுவதற்குப் பதில் ஏதாவது உபயோகமாகச் செய்யலாமே என்று நினைத்தது தப்பா? உக்கடத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் ஒரு குழுவில் ஒரு வருடம் இருந்தேன். அங்கே எடுத்த போட்டோ எதையும் நான் எங்கேயும் போடவில்லை.

#9 சுக்குக்காபி, 11 ஜூலை 2023

சரி, வாபஸ்.

#10 தேயிலைச்சாரல், 13 ஜூலை 2023

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் மறுபக்கத்து ஆள். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படித்தவள். எங்களுக்கு வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து ஆங்கிலம் படிப்பித்தார்கள்.

தரம் 6இலிருந்து தரம் 9 வரை, ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று குழு. ஒவ்வொரு குழுவும் இரண்டு மூன்று கிழமை. வந்த முதல் நாள் எல்லாரும் ஒன்றையேதான் செய்வார்கள். உன் பெயர் என்ன, உனக்குப் பிடித்த நிறம் என்ன. அடுத்தது உடம்பில் ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுக் காட்டுகிற ஒரு பாட்டு. அந்தப் பாட்டை நான் ஏழு தடவை புதிதாகக் கற்றேன். ஏழாவது தடவையும் தெரியாத மாதிரி நடித்தோம், ஏனென்றால் அவர்கள் சந்தோஷப்படுவார்கள். தரம் 9க்கு வந்துவிட்டோம், தரம் 11இல் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். கடந்தகால வினையை யாராவது விளங்கப்படுத்த மாட்டார்களா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு அக்கா நாங்கள் இருந்த லய வீட்டுக்கு வந்து எங்கள் அம்மாவோடு ரொட்டி சுட்டார், அம்மா இன்றைக்கும் அவரைப் பற்றிச் சொல்வார். ஆனால் ஒரு விஷயம் எங்கள் மனதில் நின்றுவிட்டது. தொண்டர்கள் வந்தால் எங்கள் ஆங்கில டீச்சரை வகுப்புக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். அவர் ஸ்டாஃப் ரூமில் இருந்து கொப்பி திருத்துவார். அவர்கள் போன பிறகு திரும்பி வருவார். அப்போது நாங்கள் அவருடைய ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்போம். 'வெள்ளைக்கார மிஸ் இப்படிச் சொல்லவில்லையே' என்று ஒருவன் அவர் முகத்துக்கு நேரே சொன்னான். அவர் எங்களைப் போலவே தோட்டத்தில் பிறந்து, அந்த மலையிலிருந்து படித்து மேலே வந்த ஒருத்தி. வருடம் முழுக்க எங்களோடு இருந்தது அவர்தான். இன்று நான் கண்டியில் ஒரு வங்கியில் ஆங்கிலத்தில் வேலை செய்கிறேன் என்றால் அது அவர் போட்ட அத்திவாரம்.

போகிறீர்கள் என்றால் போங்கள் தங்கச்சி. ஆனால் அங்கே இருக்கிற டீச்சரை வெளியே அனுப்பாதீர்கள்.

#11 ஸ்கார்பரோஅம்மா, 14 ஜூலை 2023

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இங்கே கனடாவில், ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி முடிக்கப் பிள்ளைகள் 40 மணித்தியாலம் சமூக சேவை செய்ய வேண்டும். என் மகன் அதைக் கிளிநொச்சியில் எங்கள் ஊர்ப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துச் செய்யப் போகிறானாம். வயது 16. தமிழ் விளங்கும், கதைக்க வெட்கம். அடுத்த வருடம் ஆகஸ்ட்டில் கூட்டிப்போகலாமா?

#12 தேயிலைச்சாரல், 14 ஜூலை 2023

அக்கா, ஆகஸ்ட்டில் தவணை விடுமுறை வரும். திகதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது, முதலில் அதிபரிடம் கேளுங்கள். பாடசாலைக்குள் போக அதிபரின் சொல் மட்டும் போதாது, வலயக் கல்விப் பணிமனையிலும் அனுமதி கேட்கச் சொல்வார்கள். வெளிநாட்டில் செய்த மணித்தியாலத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று மகனின் பள்ளியிலும் போகுமுன்னே கேளுங்கள். என்னைக் கேட்டால், அவன் அங்கே படிப்பிக்காமல் அவன் வயதுப் பிள்ளைகளோடு இருந்து, அவர்கள் அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க, இவன் அவர்களோடு ஆங்கிலத்தில் கதைக்கட்டும். இரண்டு பக்கமும் வெட்கம் போகும்.

#13 பழையவாத்தியார், 16 ஜூலை 2023

31 ஆண்டு அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஹட்டன் அம்மையார் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வேளை சாப்பிடவில்லை. எங்கள் பள்ளிக்கும் ஒருமுறை ஒரு கல்லூரியிலிருந்து இளைஞர்கள் வந்து 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' முகாம் நடத்தினார்கள். நானும் மரத்தடியில் போய் உட்கார்ந்தவன்தான்.

கோவைமழைக்கு இரண்டொரு விஷயம். கிராமத்து ஆங்கில ஆசிரியருக்கு இலக்கணம் தெரியாமல் இருக்காது. நம்மைவிடச் சுத்தமாகவே தெரியும். அவருக்கு இல்லாதது பேச்சுத் துணை. வருடக் கணக்கில் அவரோடு ஆங்கிலத்தில் பேச ஊரில் ஒரு ஜீவன் கிடையாது. வாய் துருப்பிடித்துப் போகும். அந்தக் கூச்சத்தில்தான் பாடத்தைத் தாய்மொழியில் மொழிபெயர்த்துச் சொல்லி முடித்துவிடுகிறார். எனக்கும் அப்படித்தான். அவரோடு தினம் ஒரு மணி நேரம் பேசினாலே போதும், நீங்கள் போன பிறகும் அது வகுப்பில் வேலை செய்யும்.

வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் எல்லாரும் ஒரே குரலில் கத்துவார்கள். 'குட் மார்னிங் ஸார்ர்ர்' நினைவிருக்கிறதா? அந்தக் கோரஸில் 12 பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். அந்த 12 பேர் யார் என்று முதல் வாரத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு, பாட்டு எல்லாம் சரிதான், ஆனால் அவர்கள் பாடநூலை ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளை பரீட்சை எழுதப்போவது அதை வைத்துத்தான். ஆங்கிலம் கற்பிக்க 120 மணி நேர ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்பு என்று எதையாவது வாங்கப்போகிறீர்களானால், அதற்கு முன் அந்தப் பணத்தில் சாக்பீஸும் சார்ட்டும் வாங்குங்கள்.

#14 கோவைமழை, 16 ஜூலை 2023

ஏஜென்சிக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். முன்பணமாகக் கட்டிய 5,000 போச்சு, பரவாயில்லை. நடைவண்டி அண்ணா, நீங்கள் இருந்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்வீர்களா? செப்டம்பர் 3 முதல் தசைன் லீவு விடும் வரை, ஆறு வாரம் இருக்க முடியும். ஆங்கில மிஸ்ஸுக்குச் சம்மதமா என்றும் கேளுங்கள்.

#15 நடைவண்டி, 19 ஜூலை 2023

ஹெட் ஸர் பழையவர்தான், பேசினேன். மிஸ் புதியவர், நான் போன பிறகு வந்தவர். 'வரட்டும், ஆனால் செப்டம்பரில் அட்டைப்பூச்சி இருக்கும்' என்றாராம். இது சம்மதம் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம், ஆனால் விமானத்தில் போவதானால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை நம்பி ஏர்போர்ட் போகாதீர்கள். பள்ளியிலிருந்தும் ஊராட்சியிலிருந்தும் உங்களை அழைத்து ஒரு கடிதம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2015 அரசியல் சட்டத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் 753 உள்ளாட்சிகளின் கைக்குப் போய்விட்டன, அதனால் காட்மண்டு அலுவலகங்களைச் சுற்ற வேண்டாம். அவர்கள் கேட்காவிட்டாலும் போலீஸ் நன்னடத்தைச் சான்று எடுத்துக்கொண்டு போங்கள். அமெரிக்க, ஐரோப்பிய பாஸ்போர்ட்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கதை வேறு. சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக் கூடாது.

மெதுவாகப் போக ஆசையிருந்தால் ராப்தி சாகர் எக்ஸ்பிரஸ் கோவை வழியாகவே கோரக்பூர் போகிறது. அங்கிருந்து சுனௌலி பஸ், எல்லையை நடந்தே தாண்டலாம். எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். முதுகு உங்களுடையது, முடிவும் உங்களுடையது.

அட்டைக்கு உப்பைச் சின்னத் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

#16 மீன்குழம்பு, 20 ஜூலை 2023

அங்கே மீன் கிடைக்குமா?

#17 நடைவண்டி, 20 ஜூலை 2023

ஆற்றுமீன், எப்போதாவது. தம்பி, இது அந்த இழை இல்லை.

#18 கோவைமழை, 29 அக்டோபர் 2023

வந்துவிட்டேன். வந்து இரண்டு வாரம் ஆகிறது, எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது. (வீட்டில் பெண் பார்க்கும் படலம். அது தனி இழை.)

ரயிலில்தான் போனேன். முதுகு இன்னும் சரியாகவில்லை.

முதல் வாரம் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பேர் இவ்வளவு சொல்லியும் செய்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் விளையாட்டு ஒன்று நடத்தினேன். இரண்டு அணி, கேள்வி பதில், பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் கத்தினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மிஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே அனுப்பவில்லையே, நாம் சரியாகத்தானே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மிஸ் லீவு. அதற்கு மறுநாளும் லீவு. ஹெட் ஸர் மழுப்பினார். அன்று ராத்திரி தேயிலைச்சாரல் அக்கா எழுதியதைப் போனில் திரும்ப எடுத்துப் படித்தேன்.

மூன்றாம் நாள் அவர் வந்ததும், நானே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். 'நீங்கள் நடத்துங்கள் தீதி, எனக்கு இங்கே எப்படி நடத்துவது என்று தெரியவில்லை' என்றேன், என் ஓட்டை நேபாளியில். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு ஆறாவது வாரம் வரை நான் தனியாக ஒரு வகுப்பும் எடுக்கவில்லை. அவர் பாடம் சொல்வார், நடுவில் உரையாடல் வந்தால் நான் எழுந்து இன்னொரு ஆளாகப் பேசுவேன். கடைக்காரர், வாடிக்கையாளர், டாக்டர், நோயாளி. நோயாளியாக எப்போதும் நான்தான்.

பழையவாத்தியார் ஐயா சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. மிஸ்ஸின் இலக்கணம் என்னுடையதைவிடப் பல மடங்கு மேல். 'ஐ வுட் ஹேவ்' எல்லாம் அவர்தான் எனக்குத் திருத்தினார். சாயங்காலம் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஆங்கிலத்தில் பேசுவோம். முதல் இரண்டு நாள் அவர் 'யெஸ்', 'நோ' மட்டும். மாமியாரைப் பற்றி ஆரம்பித்ததும் சரளமாக வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் பாடங்களை அவர் குரலிலேயே அவர் போனில் பதிவு செய்தோம். என் குரலில் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பதிவு செய்யும்போதெல்லாம் சேவல் கூவிவிடும். நான்காம் பாடத்தில் இன்னும் அது இருக்கிறது.

செப்டம்பர் 20 முதல் மூன்று நாள் பள்ளியே இல்லை. பள்ளிக் கல்வி மசோதாவை எதிர்த்து நாடு முழுக்க அரசுப் பள்ளி ஆசிரியர்கள் காட்மண்டுக்குப் போய்விட்டார்கள், எங்கள் மிஸ்ஸும் போனார். 'நீங்கள் பள்ளியைத் திறந்து வகுப்பு எடுங்களேன்' என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். மிஸ் தெருவில் நிற்கும்போது நான் அவர் நாற்காலியில் உட்காருவதா? எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு, அந்த மூன்று நாளும் அவர் மாமியாரோடு சோளம் உரித்தேன்.

பணக் கணக்கு கேட்டவர்களுக்கு: ஆறு வாரத்துக்குத் தங்கல், சாப்பாடு, ரயில், பஸ், சார்ட் பேப்பர் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். மலை மூன்று நாள்தான் தெரிந்தது, மீதி நாள் மேகம். அட்டை தினமும் தெரிந்தது.

ஒரு பையனின் அப்பா பினாங்கில் தொழிற்சாலையில் இருந்துவிட்டு வந்தவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் 'சாப்டியா தங்கச்சி?' என்றார். மலைமேல் அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

#19 தேயிலைச்சாரல், 29 அக்டோபர் 2023

'நோயாளியாக எப்போதும் நான்தான்.' வங்கியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மிஸ்ஸுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

#20 பழையவாத்தியார், 30 அக்டோபர் 2023

வாயை மட்டும் அசைத்தவர்கள் எத்தனை பேர்?

#21 கோவைமழை, 30 அக்டோபர் 2023

ஐயா, ஏழாம் வகுப்பில் ஒன்பது பேர். மிஸ்ஸிடம் சொன்னேன், 'பதினொன்று' என்று திருத்தினார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்தப் பதினொரு பேரையும் இரண்டு இரண்டு பேராக முன் பெஞ்சுக்கு மாற்றினார். நான் கிளம்பும்போது மூன்று பேர் சத்தமாகப் பேசினார்கள். மீதி எட்டுப் பேர் பற்றி மிஸ் குரல்பதிவு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். தசைன் லீவு முடியட்டும்.

#22 நடைவண்டி, 30 அக்டோபர் 2023

என்னை யாராவது நினைவு வைத்திருந்தார்களா? ஐந்து மாதம் கத்தியிருக்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

#23 கோவைமழை, 31 அக்டோபர் 2023

அண்ணா, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீங்கள் இருந்தபோது மூன்றாவதில் இருந்தவர்கள் இப்போது ஒன்பதாவது. உங்களிடம் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று அவர்களைக் கேட்டேன். ஆங்கிலத்தில் யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை. ஆனால் அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் நீங்கள் தலையை ஆட்டி ஏதோ சொல்வீர்களாம். அது ஆங்கிலம் என்றே ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் எழுந்து 'மை ஃபாதர் இஸ் இன் கத்தார்' என்றால் வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொல்கிறது: 'அப்படியா!'

மிஸ்ஸும் சொல்கிறார்.

#24 நடைவண்டி, 31 அக்டோபர் 2023

அப்படியா!